ஆயாவை யாரும் கப்பல்ல ஏத்திக்கிட்டுப் போகல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல, நம்ம தமிழ்ச் சொல்லுங்க உலகம் பூரா எப்படிப் பரவுச்சுன்னு அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. அதுல ஆயாங்கற வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு, போர்ச்சுகீஸ்ல ஆயா இருக்கு, ஸ்பானிஷ்ல இருக்கு, மலாய்ல இருக்கு, அப்ப நம்ம ஆயா தான் கப்பலேறி எல்லா ஊருக்கும் போயிருக்காங்கன்னு முடிச்சிருந்தாங்க. படிக்க ஜாலியா தான் இருந்துச்சு. அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல வேற சுத்த விட்டுட்டாங்க, எங்க குடும்ப குரூப்ல காலைல இருந்து கைதட்டற எமோஜியா வந்து குவியுது. ஆனா விஷயம் தப்புங்க. பேப்பர்ல அச்சாயிடுச்சுன்னா நாளைக்கு ஸ்கூல் பேச்சுப்போட்டில இதையே ஆதாரம்னு சொல்லி ஒரு புள்ள மேடையேறிப் பேசும், அதனால தான் கொஞ்சம் நீளமாவே எழுதறேன். இடம் இல்லைன்னு வெட்டிப் போட்டாலும் பரவால்ல, போர்ச்சுகீஸ் பாராவை மட்டும் வெட்டிடாதீங்க.

முதல்ல நம்ம ஆயா. எங்க வேலூர்ப் பக்கம் ஆயான்னா பாட்டி. எங்க வீட்ல அம்மாவைப் பெத்தவங்களும் ஆயா, அப்பாவைப் பெத்தவங்களும் ஆயா. செட்டிநாட்டுப் பக்கம் போனா அம்மாவோட அம்மா தான் ஆயா, அப்பாவோட அம்மா அப்பத்தா. கொங்குல அம்முச்சி, அம்மாயி, யாழ்ப்பாணத்துல அம்மம்மா, அப்பம்மான்னு வேற வேற கணக்கு. இந்தப் பாட்டி ஆயா சுத்தமா நம்ம வீட்டுச் சொல்லு, அதுல எந்தச் சந்தேகமும் வேணாம். குறுந்தொகை 40-ஆவது பாட்டு "யாயும் ஞாயும் யாராகியரோ"ன்னு ஆரம்பிக்கும், ஸ்கூல்ல எல்லாரும் மனப்பாடம் பண்ணினது தான். அதுல யாய்னா என் அம்மா, ஞாய்னா உன் அம்மா. அப்ப தாய்னா? அவனோட அம்மா, அவளோட அம்மா. எந்தை, நுந்தை, தந்தை மாதிரியே தான் இதுவும், என்னோட, உன்னோட, அவங்களோடங்கறது சொல்லுக்கு முன்னாடியே ஒட்டிக்கிட்டு வரும், பின்னாடி மூணுலயும் பொதுவா நிக்கறது ஆய். (இந்தக் கணக்குப்படி பார்த்தா இன்னிக்கு நாம "என் தாய்"னு மேடைல உருகறது எல்லாம் 'என்னோட அவங்கம்மா' தான், யாரும் கண்டுக்கறதில்ல.) அந்த ஆய் தான் ஆயின்னும், ஆயான்னும், ஊருக்கு ஊரு அம்மாவாவும் பாட்டியாவும் இன்னிக்கு வரைக்கும் புழங்குது.

இப்ப ஸ்கூல் ஆயா, ஆஸ்பத்திரி ஆயா, பெரிய வீடுங்கள்ல குழந்தையைப் பார்த்துக்கற ஆயா. இங்க தான் கட்டுரை எழுதினவர் சறுக்கிட்டாரு. இந்த ஆயா போர்ச்சுகீஸ். அவங்க மொழியில பெரிய இடத்துக் குழந்தையை வளர்க்கறவங்களை ஆயான்னு சொல்லுவாங்க, அதே வேலையை ஆம்பள பண்ணினா ஆயோ. அவங்களோட முதல் ராஜா அஃபோன்சு என்ரிக்கேஷ், 12-ஆம் நூற்றாண்டு ஆளு, அவரை வளர்த்து ஆளாக்கின எகாஷ் மோனிஷை இன்னிக்கும் ஆயோங்கற பட்டப்பேரோட தான் சொல்றாங்க. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498-ல. வேலூர்ல இருந்தோ காரைக்குடியில இருந்தோ யாரும் லிஸ்பன் போய் அவங்களுக்கு இந்தச் சொல்லைக் கத்துக்குடுத்திருக்க முடியாது. அதுவும் இல்லாம நம்ம ஆயாவுக்கு ஆண்பால் என்ன, ஆயோவா? அந்தச் சொல்லு அவங்களுக்கு எங்க இருந்து வந்துச்சுங்கறதுல ஐரோப்பாவுலயே ரெண்டு கட்சி இருக்கு, லத்தீன்ல பாட்டியைச் சொல்ற அவியாவுல இருந்து வந்துச்சுன்னு ஒரு கூட்டம், காத்திக்ங்கற பழைய ஜெர்மானிய மொழியில காவலாளைக் குறிக்கிற ஒரு சொல்லுல இருந்து வந்துச்சுன்னு இன்னொரு கூட்டம். பாட்டின்னதும் நிமிர்ந்து உட்கார்ந்துடாதீங்க, அவியாவுல இருந்து ஆயாவுக்கு வர்றதுக்கு நடுவுல இருந்த 'வ' காணாமப் போகணும், நம்ம ஆயாவுல 'வ' எப்பவுமே இருந்ததில்ல.

போர்ச்சுகீஸ்காரங்க கோவாவைப் பிடிச்சது 1510-ல. அப்புறம் நம்ம கரைங்கள்ல எல்லாம் கோட்டை, சர்ச்சு, பண்டகசாலைன்னு உட்கார்ந்தப்ப விட்டுட்டுப் போன சொல்லு நம்ம வீட்டுக்குள்ள எக்கச்சக்கமா கிடக்கு. சன்னல், அலமாரி, சாவி, மேசை, பாதிரி, மேஸ்திரி, ஏலம், எல்லாம் அவங்களுது. இந்தக் கடுதாசியில இருக்கற கடுதாசியும் கூட அவங்களுது தான். அந்த வரிசையில வந்தவங்க தான் வேலைக்கார ஆயா, பின்னாடி வெள்ளைக்காரன் அதை எடுத்துக்கிட்டு இந்தியா பூரா பரப்பிட்டான். இந்தியாவுல வெள்ளைக்காரங்க புழங்கின சொல்லுங்களுக்குன்னு 1886-ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியிலயே இது உண்மையில போர்ச்சுகீஸ் சொல்லுன்னு தெளிவா எழுதியிருக்கு. அதைத் தொகுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பர்னெல், தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு, அரண்மனைச் சுவடிகளுக்கு கேட்டலாக் போட்டவரு, நம்ம ஊரு தெரியாம எழுதினாருன்னும் சொல்ல முடியாது.

அகராதியை நம்ப மாட்டேன்னா இன்னொரு வழி சொல்றேன், யார் வேணா பார்த்துக்கலாம். இந்தில ஆயான்னா குழந்தை பார்த்துக்கற பொம்பள, வங்காளத்துலயும் அதே தான். ஆனா அங்க யாரும் பாட்டியை ஆயான்னு கூப்பிடறதில்ல. சொல்லு தமிழ்ல இருந்து வடக்கே போயிருந்தா பாட்டிங்கற அர்த்தம் எங்கயாவது ஒரு ஓரத்துல ஒட்டிக்கிட்டுப் போயிருக்கணும் இல்லியா, கல்கத்தா வரைக்கும் வேலைக்காரிங்கற அர்த்தம் மட்டும் தனியா எப்படிப் பயணம் போச்சு? அதுக்காக நேர்மாறா, எல்லா ஆயாவும் போர்ச்சுகீஸ் தான், பாட்டியும் அப்படி வந்தது தான்னு சிலர் கெத்தா சொல்றாங்க பாருங்க, அதுவும் அதே அளவுக்குத் தப்பு. யாயும் ஞாயும் பாடினப்ப போர்ச்சுகல்னு ஒரு நாடே கிடையாது.

ஆக ரெண்டு ஆயா. ரெண்டு பேரும் மெட்ராஸ்ல வந்து ஒரே தெருவுல நின்னுட்டாங்க. இது தான் எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்பப் பிடிச்ச இடம், கட்டுரையில இதைப் பத்தி ஒரு வரி இல்ல. எல்கேஜி புள்ள கேட் கிட்ட நிக்கற பொம்பளையை "ஆயா, பாத்ரூம்"னு கூப்பிடறப்ப அந்தப் புள்ளைக்கு அது வீட்ல இருக்கற பாட்டி மாதிரி ஒரு ஆளு, ஆபீஸ் ரெஜிஸ்டர்ல அது ஒரு போஸ்ட், "ஆயா வேலைக்கு ஆள் தேவை"ன்னு போர்டு மாட்டறாங்களே அது. வயசும் ஒத்துப்போகுது, செய்யற வேலையும் ஒத்துப்போகுது, அதனால ரெண்டு சொல்லும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலந்துடுச்சு, பேசறவங்களுக்கே எது எதுன்னு தெரியாது. ஆனா ஜனங்க காதுக்கு எங்கயோ ஒரு உறுத்தல் இருக்கு போல, ஆஸ்பத்திரில பாருங்க, கொஞ்சம் மரியாதையா கூப்பிடணும்னா ஆயம்மான்னு ஒரு அம்மாவைச் சேர்த்துக்கறாங்க. எங்க பக்கம் பாட்டியை யாரும் ஆயம்மான்னு கூப்பிட மாட்டாங்க, அங்க அம்மா சேர்க்க வேண்டிய அவசியம் இல்ல.

இந்த ஆயாங்க நிஜமாவே கப்பலேறினதும் உண்டு, அதைச் சொல்லாம விடக்கூடாது. லீவுல ஊருக்குத் திரும்பற வெள்ளைக்காரக் குடும்பங்க கப்பல்ல குழந்தையைப் பார்த்துக்கறதுக்கு ஆயாவையும் கூட்டிக்கிட்டுப் போவாங்க, லண்டன்ல இறங்கினதும் திரும்பி வர டிக்கெட் கூட குடுக்காம கைவிட்டுட்டவங்களும் உண்டு. அப்படி நின்னவங்களுக்குன்னு லண்டன்ல ஆயாக்கள் இல்லம்னு ஒண்ணு நடந்துச்சு, முதல்ல ஆல்ட்கேட்ல, 1900-ல இருந்து ஹாக்னியில கிங் எட்வர்ட்ஸ் ரோட்ல. 2022-ல அந்தக் கட்டடத்துக்கு நினைவுச் சின்னமா நீலப் பலகை வச்சாங்க. இந்தியாவுல இருந்து போன ஆயாங்களோட சீனாவுல இருந்து வந்த ஆமாங்களும் அங்க தங்கினாங்க. ஆமா, அந்த ஆமாவும் போர்ச்சுகீஸ் தான், செவிலியைச் சொல்ற அமாங்கற சொல்லு, அதைக் கேட்டுட்டு நம்ம அம்மான்னு அடுத்த ஞாயிறு யாராவது எழுதிடப் போறாங்க.

மலாய்க்கு வரேன். மலாய்ல ஆயான்னா அப்பா. மலேசியாவுல 500க்கும் மேல தமிழ்ப்பள்ளி இருக்கு, அங்க படிக்கற நம்ம புள்ளைங்க மலாய் பீரியட்ல "ஆயா சாயா"ன்னு தலைப்புப் போட்டு கட்டுரை எழுதும், என் அப்பான்னு அர்த்தம், உடனே டீக்கடைக்குப் போயிடாதீங்க. கட்டுரையாளர் இதை எப்படிச் சமாளிச்சாருன்னா, குடும்பத்துல மூத்தவங்கங்கற பொதுப்பொருள்ல தமிழ்ல இருந்து போயிருக்கும்னு ஒரு வரி. பாட்டி கடல் தாண்டினதும் அப்பாவா மாறிட்டாங்கன்னா இந்த லாஜிக்ல எதைத் தான் நிரூபிக்க முடியாது சொல்லுங்க.

சரி, அதே லாஜிக்கை வச்சுக்கிட்டு நானும் ஒரு சுத்து சுத்தி வரேன். இந்தியில ஆயாவுக்கு வந்தான்னும் ஒரு அர்த்தம் உண்டு, கயான்னா போனான். 1967-ல ஹரியானாவுல கயா லால்னு ஒரு எம்எல்ஏ பதினஞ்சு நாளைக்குள்ள மூணு தடவை கட்சி மாறினாரு, அதுல இருந்து தான் கட்சித்தாவலுக்கு "ஆயா ராம் கயா ராம்"னு பேரு வந்துச்சு, 1985-ல அரசியல் சட்டத்தையே திருத்திக் கட்சித்தாவல் தடைச் சட்டம் கொண்டுவர வேண்டியதாச்சு, நம்ம ஊர்ல இந்தத் தலைப்பைப் படிச்சுட்டு எந்தப் பாட்டி வந்துச்சுன்னு கேட்டவங்க நிச்சயமா இருப்பாங்க. அரபில ஆயான்னா அடையாளம், அதோட குர்ஆன்ல ஒரு வசனம். நம்ம முஸ்லிம் வீடுங்கள்ல ஆயத்துல் குர்ஸி ஓதறாங்களே, அந்த ஆயத்து இது தான், ஈரான்ல ஆயத்துல்லான்னு சொல்றதும் இதே, கடவுளோட அடையாளம். இஸ்தான்புல்ல அயா சோஃபியா, 537-ல கட்டி முடிச்சது, அந்த அயா கிரேக்கத்துல புனிதம். நைஜீரியாவுல யோருபா மொழியில அயான்னா பொண்டாட்டி, அதையே கொஞ்சம் குரலை இறக்கிச் சொன்னா நெஞ்சு. கானாவுல அக்கான் மொழியில ஒரு செடி, பூவே பூக்காத பெரணிச் செடி, துணியில அச்சடிக்கற அவங்களோட சின்னங்கள்ல அதுவும் ஒண்ணு. தென்னமெரிக்காவுல மலைமேல கெச்சுவா பேசறவங்களுக்கு அயான்னா பொணம். பெருவுல அயாகூச்சோன்னு ஒரு ஊரு, 1824 டிசம்பர் 9-ஆம் தேதி ஸ்பெயின் படையைத் தோற்கடிச்ச பெரிய சண்டை அதுக்குப் பக்கத்துல தான் நடந்துச்சு, ஊரோட பேருக்கு அர்த்தம் பொணங்களோட மூலை. பெருவுல ஸ்பானிஷும் பேசறாங்க, ஸ்பானிஷ்ல அயா குழந்தை வளர்க்கறவங்க. அப்ப நம்ம மெட்ராஸ்ல ரெண்டு ஆயா ஒரே தெருவுல நிக்கற மாதிரி தான் அங்கயும், என்ன, இங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டாங்க, அங்க பொணமும் செவிலியும் எப்படி ஒட்டும்.

ஏன் இப்படி ஆகுதுன்னு கேட்டா பெரிய ரகசியம் எதுவும் இல்ல. உலகத்துல சுமாரா 7000 மொழி இருக்கு. ஆ-ங்கறதும் ய-ங்கறதும் அதுல கிட்டத்தட்ட எல்லா மொழியிலயும் இருக்கற சத்தம், வாயைத் திறந்து நாக்கைக் கொஞ்சம் தூக்கி மறுபடி திறந்தா ஆயா வந்துடும், இவ்வளவு சின்னச் சொல்லை யாரும் உபயோகிக்காம விட்டு வச்சிருப்பாங்களா? அதுலயும் நாம குறில் நெடில் பார்க்க மாட்டோம், அயா, ஆயா, ஆயாஹ் எல்லாம் ஒண்ணுன்னு சேர்த்துப்போம், அர்த்தத்துல பாட்டி, அப்பா, வேலைக்காரி எல்லாம் ஒண்ணுன்னு சேர்த்துப்போம், அப்புறம் கிடைக்காம எங்க போகும். இதே, பெருவுல ஒரு கிராமத்துல கொழுக்கட்டைங்கற சொல்லு ஆவியில வேக வச்ச மாவு உருண்டைக்குப் பேரா இருந்துச்சுன்னா அன்னிக்கு நானே முதல் ஆளா வந்து கை தட்டறேன். ஆஸ்திரேலியாவுல ம்பாபரம்னு ஒரு பழங்குடி மொழி இருந்துச்சு, அதுல நாய்க்கு டாக்-னு பேரு, இங்கிலீஷ்ல இருக்கற அதே சொல்லு, அதே அர்த்தம். ஆனா பக்கத்து மொழிங்கள்ல நாய்க்கு குடகா, அது தேஞ்சு தேஞ்சு டாக்-னு வந்து நின்னுருக்கு, இங்கிலீஷுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

அம்மா அப்பா விஷயத்துல இன்னும் ஒரு சிக்கல் கூட உண்டு. கொரியாவுல அப்பா, ஹங்கேரியில அபா, ரெண்டும் அப்பா தான். ஐஸ்லாந்துல அம்மான்னா பாட்டி. ஜார்ஜியாவுல மாமான்னா அப்பா, அம்மாவுக்கு டேடா, அங்க போய் நம்ம ஆளு மாமான்னு கூப்பிட்டா பஞ்சாயத்து தான். ரோமன் யாக்கப்சன்னு ஒரு மொழியியல்காரர் 1960-லயே இதைப் பத்தி எழுதிட்டாரு, குழந்தை முதல்ல உளர்ற சத்தம் உதட்டுல வர்ற ம, ப தான், பக்கத்துல இருக்கற பெரியவங்க அது நம்மளைத் தான் கூப்பிடுதுன்னு நினைச்சுக்கறாங்க, அது ஊருக்கு ஊரு தனித்தனியா நடக்குது. கொரியா அப்பாவை வச்சு அவ்வளவு யூடியூப் வீடியோ வந்தாச்சு, அதுல ஒருத்தராவது இதைச் சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

உறவு இருக்கற மொழின்னா அது எப்படித் தெரியும்னா, ஒரு சொல்லு ஒத்துப்போனா பத்தாது, வரிசையா ஒரே மாதிரி மாறி இருக்கணும். கன்னடத்தைப் பாருங்க. நம்ம பால் அங்க ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பூ ஹூவு, போன்னு சொல்ல ஹோகு. நம்ம ப எல்லாம் சொல்லோட முதல்ல வந்தா அங்க ஹ. பழைய கன்னடக் கல்வெட்டுல பார்த்தா அங்கயும் ப தான் இருக்கும், நடுவுல மாறி இருக்கு. பாலும் ஹாலும் காதுக்கு அவ்வளவா ஒத்துப்போகல, ஆனா உறவு கெட்டியானது, ஆயாவும் ஆயாவும் அச்சு அசலா ஒத்துப்போகுது, உறவு சுத்தமா கிடையாது. இந்த முறையில தான் எல்லிஸ்னு ஒரு வெள்ளைக்கார கலெக்டர் 1816-ல மெட்ராஸ்ல உட்கார்ந்துக்கிட்டு நம்ம மொழிங்க சமஸ்கிருதத்துல இருந்து பிறந்தது இல்ல, தனிக் குடும்பம்னு எழுதினாரு, கால்டுவெல் 1856-ல அதைப் பெரிசா நிறுவினாரு. தமிழோட தனித்தன்மைக்கு நம்ம கையில இருக்கற கெட்டியான ஆதாரமே இந்த முறை தான். அதை ஓரமா வச்சுட்டு காதுக்கு ஒத்துப்போகுது, அதனால நம்மளுதுன்னு நாமளே சொன்னா, நாளைக்கு இன்னொருத்தன் வந்து அதே மாதிரி ரெண்டு சொல்லைக் காட்டி உங்க மொழியே எங்களுதுன்னு சொல்லுவான், அப்ப என்ன பதில் வச்சிருக்கோம்?

நிஜமா போன சொல்லுங்க நிறைய இருக்கு சார். மலாய்ல கப்பலுக்கு காப்பால், கடைக்கு கெடாய், கட்டிலுக்கு காத்தில், மீசைக்கு மிசாய், இதெல்லாம் நம்மகிட்ட இருந்து போனது, வியாபாரம் நடந்த வழி தெரியும், சத்தமும் அர்த்தமும் சேர்ந்து ஒத்துப்போகுது. கட்டுமரம் இங்கிலீஷுக்குப் போச்சு, சுருட்டு போச்சு. அதே போர்ச்சுகீஸ்காரன் மாங்காயை நம்ம கரையில இருந்து தான் மங்கான்னு எடுத்துக்கிட்டுப் போனான். இந்த லிஸ்டை வச்சு அரைப்பக்கம் எழுதியிருந்தா நானே லேமினேட் பண்ணி வச்சிருப்பேன். அதோட ஆயாவையும் கொரியா அப்பாவையும் கலந்து போட்டா, வெளில படிக்கறவங்க கட்டுமரத்தையும் சேர்த்து சந்தேகப்படுவாங்க.

அதனால என் கோரிக்கை, திருத்தம் போடறதா இருந்தா நாலாம் பக்கத்து மூலையில பொடி எழுத்துல வேணாம், அதே ஞாயிறு இணைப்புல அதே இடத்துல போடுங்க. இன்னொண்ணும் கேக்கறேன். வாசகர்களை எழுதச் சொல்லுங்க, உங்க ஊர்ல அம்மாவோட அம்மாவை எப்படிக் கூப்பிடறீங்க, அப்பாவோட அம்மாவை எப்படிக் கூப்பிடறீங்கன்னு, தாலுகா பேரோட. வர்றதை வச்சு ஒரு மேப் போடுங்க, ஆயா எங்க நின்னு அப்பத்தா எங்க ஆரம்பிக்குது, அம்முச்சி எந்த ஆத்தைத் தாண்டாம நிக்குதுன்னு பார்த்துடலாம். புதுச்சேரி, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலேசியா வாசகர்களையும் சேர்த்துக்குங்க, ஆன்லைன் பதிப்புல தான் அவங்க எல்லாம் படிக்கறாங்க.

இப்படிக்கு,
வேலூர் வாசகர் ஒருத்தர்